அடுத்த பதிப்பில் என்ன வேண்டும் என்று கேட்டால் என்ன எழுதுவது?

கேள்வி: நடுத்தர அளவுள்ள ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் ஆர்க்கிடெக்ட்டாக இருக்கிறேன். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட பஞ்சாயத்து எதுவானாலும் என் மேஜைக்குத்தான் வரும். முக்கியமாகப் பயன்படுத்துவது ரெவிட், அதாவது கட்டடத்தை முப்பரிமாண மாடலாக அமைத்து அதிலிருந்தே வரைபடங்கள் எடுக்கும் மென்பொருள். ஆரம்பக் கட்ட வேலைக்கு ஸ்கெட்ச்அப், பழைய வரைபடங்களுக்கு ஆட்டோகேட். மென்பொருள் விற்கும் முகவர், "வரும் பதிப்புகளில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறோம்" என்று கேட்டிருக்கிறார். அலுவலகத்தில் விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இளையவர்களுக்கு ஏஐ வேண்டும், மாடலை நொடியில் நிஜம் போன்ற படமாக்கும் ரெண்டரிங் வேண்டும். எங்கள் தலைமை ஆர்க்கிடெக்ட்டோ, "புதுசா ஒண்ணும் வேண்டாம், இருக்கிறது ஒழுங்கா ஓடினா போதும்" என்கிறார். நான் எதை எழுதுவது? கூடவே இன்னொரு சந்தேகம்: பாதி முடிந்த ஒரு பெரிய ப்ராஜெக்டை இந்த ஆண்டுப் பதிப்புக்கு மாற்றலாமா?

பதில்: நான் உங்கள் தலைமை ஆர்க்கிடெக்ட் பக்கம்தான். ஆனால் அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினால் ஒரு பயனும் இருக்காது. "ஒழுங்காக ஓட வேண்டும்" என்ற வரியை வைத்துக்கொண்டு எந்தப் புரோகிராமரும் எதையும் சரிசெய்ய முடியாது. எதைச் செய்யும்போது, எந்த இடத்தில் வேலை நிற்கிறது என்று தெரிந்தால்தான் அவர் கை வைக்க முடியும்.

அதனால் அலுவலகத்தில் இனி யாரிடமும் "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் கடைசியாகப் பார்த்த விளம்பர வீடியோவில் இருந்ததைத்தான் சொல்வார்கள். "இந்த வாரம் எந்த வேலைக்கு மென்பொருளை ஏமாற்ற வேண்டியிருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் கொட்டும். உங்கள் பட்டியல் அதற்குள்தான் இருக்கிறது.

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது இல்லாத அலுவலகம் இருக்காது. பாதி உயரத்தில் லேண்டிங் (நின்று திரும்பும் மேடை) வைத்து, திரும்பி மேலே போகும் சாதாரணப் படிக்கட்டு. கீழ் ஃப்ளைட்டின் (படி வரிசையின்) கடைசி ரைசரும் (படியின் செங்குத்து முகமும்) மேல் ஃப்ளைட்டின் முதல் ரைசரும் பிளானில் ஒரே கோட்டில் இருந்தால், திரும்பும் இடத்தில் இரண்டு கைப்பிடிகளும் ஒரே உயரத்தில் சந்திக்காது. சரியாக ஒரு ரைசர் அளவு வித்தியாசம் வரும். மேல் ஃப்ளைட்டை ஒரு மிதி அகலம் தள்ளித் தொடங்கினால் சந்திக்கும். வரைபவருக்கு இது தெரியும். ஆனால் இடம் போதாமல் அப்படித் தள்ள முடியாதபோது, அந்த ஒரு ரைசர் உயரத்தைக் கைப்பிடி எப்படி ஏற வேண்டும் என்பதை அவர் நினைத்தபடி மென்பொருளிடம் சொல்ல வழி இருக்காது. அது தன் போக்கில் ஒரு கோணல் துண்டை ஒட்டும், இல்லாவிட்டால் ரெயிலிங் தொடரவில்லை என்று ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

மறுநாள் காலை ட்ராயிங் போயாக வேண்டும். அவர் என்ன செய்வார்? செக்‌ஷனில் (வெட்டுத் தோற்ற வரைபடத்தில்) அந்த இடத்தை மறைத்துவிட்டு, மேலே வெறும் 2டி கோடுகளால் சரியான கைப்பிடியை வரைந்துவிடுவார். ஷீட் (வரைபடத் தாள்) அழகாகப் போய்ச் சேரும். சில வாரம் கழித்து மாடி உயரம் மாறும். மாடலில் படிகள் நகரும், அந்தக் கோடுகள் நகராது. இப்போது மாடல் ஒன்று சொல்கிறது, வரைபடம் வேறொன்று சொல்கிறது. யாராவது கண்டுபிடித்தால் சரி. இல்லையென்றால் ரெயிலிங் செய்கிறவர் சைட்டில் கண்டுபிடிப்பார்.

இதை முகவருக்கு "ரெயிலிங் கருவியை மேம்படுத்தவும்" என்று எழுதினால் அது குப்பைக்குப் போகும். அதே வரி அவர்களிடம் நூற்றுக்கணக்கில் ஏற்கெனவே இருக்கும். நான் மேலே சொன்னது போல, எந்தப் படிக்கட்டு, எந்தத் திருப்பம், மென்பொருள் என்ன செய்தது, நீங்கள் அதை எப்படி மறைத்தீர்கள், பிறகு அந்த மறைப்பால் என்ன ஆனது என்று எழுதுங்கள். வேறு எந்த விவரமும் இல்லாத ஒரு சின்ன மாதிரிக் கோப்பில் அந்தப் படிக்கட்டை மட்டும் போட்டுக் கூடவே வையுங்கள். தீர்வை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் இருப்பதே நல்லது என்பேன். "இங்கே ஒரு பட்டன் வையுங்கள்" என்று கேட்டால் பட்டன் மட்டும்தான் வரும்.

இப்படி எழுதுவதால் ஏதாவது நடக்குமா என்று கேட்பீர்கள். 2020 ஜூலையில், ஜாஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ், கிரிம்ஷா போன்ற பெயர்பெற்ற அலுவலகங்கள் சேர்ந்து, ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. செலவு ஏறிக்கொண்டே போகிறது, ரெவிட்டின் வளர்ச்சி அதற்கு ஈடாக இல்லை என்பதுதான் சாரம். கட்டடக்கலை சார்ந்த வசதிகளில் போதிய வேகம் இல்லை என்பதை நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆண்ட்ரூ அனக்னோஸ்ட் தம் பதிலில் ஒப்புக்கொண்டார். 2023இல் பிரிட்டனைச் சேர்ந்த பெரிய அலுவலகங்கள் ஒன்றுகூடி, வருங்கால வடிவமைப்பு மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு விவரக்குறிப்பையே வெளியிட்டன. எந்த மென்பொருள் நிறுவனம் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யட்டும் என்று பொதுவில் வைத்தார்கள். என்னைக் கேட்டால் முதல் கடிதத்தைவிட இரண்டாவதுதான் உருப்படியான வேலை. புலம்பலைப் படித்து யாரும் மென்பொருள் எழுத மாட்டார்கள்.

சரி, உங்கள் பட்டியலில் எது மேலே வர வேண்டும்? நான் கோப்புப் பொருத்தத்தைத்தான் முதலில் வைப்பேன். ரெவிட்டில் புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்த மாடலைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது; பழைய பதிப்புக்கு ஏற்றபடி சேமிக்கவும் வழியில்லை. ஓர் அலுவலகம் பதிப்பை மாற்றினால் அதோடு வேலை செய்யும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், மின்சாரம், பிளம்பிங், ஏசி ஆலோசகர்கள் என்று அத்தனை பேரும் சேர்ந்து மாறியாக வேண்டும். ஒருவர் மாற முடியாமல் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

இது தவிர்க்க முடியாத தொழில்நுட்பச் சிக்கல் என்று முகவர் சொல்லக்கூடும். ஓரளவு உண்மைதான்; புதிய பதிப்பில் புதுவகைப் பொருள் ஒன்று வந்தால், அதைப் பழைய பதிப்புக்கு எப்படிப் புரியவைப்பது? ஆனால் மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பாருங்கள். ஆர்க்கிகேட் என்ற போட்டி மென்பொருள் ஒரு பதிப்பு பின்னால் சேமிக்க விடுகிறது. ரைனோ என்ற முப்பரிமாண மாடலிங் மென்பொருளில் இன்னும் பழைய பதிப்புகளுக்கும் சேமிக்கலாம்; போதாததற்கு அது ஆண்டுதோறும் வருவதும் இல்லை, 6ஆம் பதிப்பு 2018இல், 7 2020இல், 8 2023இல். நீங்களே பயன்படுத்தும் ஸ்கெட்ச்அப், 2021 பதிப்பிலிருந்து கோப்பு வடிவத்தைப் பதிப்போடு கட்டாமல் விட்டுவிட்டது. ஆட்டோகேட் தன் 2018 பதிப்பில் கொண்டுவந்த டிடபிள்யூஜி கோப்பு வடிவத்தையே பின்னால் வந்த பல ஆண்டுப் பதிப்புகளும் வைத்துக்கொண்டன. அதனால் நியாயமான கோரிக்கை இது: பதிப்பு ஆண்டுக்கு ஒன்று வரட்டும், கோப்பு வடிவம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறினால் போதும். அதுவும் முடியாதென்றால், முந்தைய பதிப்பில் பார்க்க மட்டுமாவது திறக்கட்டும். இதை நீங்கள் தனியாக எழுதாமல், உங்கள் ஆலோசகர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மாடலை வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் சேர்ந்து கேட்டால் அதற்கு மரியாதையே தனி.

ஐஎஃப்சி இருக்கிறதே, அதில் அனுப்பலாமே என்பார்கள். வெவ்வேறு மென்பொருள்கள் மாடலைப் பரிமாறிக்கொள்ள உதவும், 2013இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாகிவிட்ட பொதுக் கோப்பு வடிவம், நல்ல விஷயம்தான். ஆனால் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஒருவர் மாடலை இன்னொருவர் பின்னணியாக வைத்துப் பார்க்க, பாகங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று சரிபார்க்க, பாதுகாத்து வைக்க ஐஎஃப்சி போதும். அதை உள்ளே இழுத்து, சுவரைப் பிடித்து நகர்த்தி, திருப்பி அனுப்பலாம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நீங்கள் சுவர் என்று வரைந்தது பல சமயம் வெறும் திண்மமாக வந்து நிற்கும். பட்டியலில் "ஐஎஃப்சி ஆதரவு வேண்டும்" என்று எழுதாமல், ஏற்றுமதி செய்த கதவின் தீ எதிர்ப்பு நேரமும் எண்ணும் எந்தப் புலத்தில் போய் விழுகின்றன, எது காணாமல் போகிறது என்று ஒரே ஒரு கதவை வைத்து எழுதுங்கள்.

அடுத்தது வேகம். நிறைய கோர் (செயலியில் தனித்தனியாகக் கணக்கிடும் பிரிவு) உள்ள கம்ப்யூட்டர் வாங்கிய பிறகும் மாடல் ஏன் தவழ்கிறது என்று உங்கள் அலுவலகத்திலும் யாராவது கேட்டிருப்பார்கள். காரணம் எளிது. தளத்தின் உயரம் மாறினால் சுவர் மாற வேண்டும், சுவர் மாறினால் ஜன்னல், ஜன்னல் மாறினால் அதன் டைமென்ஷன் (அளவுக் குறிப்பு), ஷெட்யூல் (ஜன்னல், கதவுப் பட்டியல்). ஒன்றின் விடை தெரிந்த பிறகுதான் அடுத்ததைக் கணக்கிட முடியும் என்பதால், இந்த வேலையின் பெரும்பகுதியை ஒரே கோர்தான் இழுக்கிறது, மற்றவை வேடிக்கை பார்க்கின்றன. ரெண்டரிங் அப்படியில்லை, அதைப் பங்குபோட்டுக் கொடுக்கலாம், எத்தனை கோர் இருந்தாலும் தின்னும். மாடலிங்குக்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகத்தைப் பார்த்து வாங்கச் சொல்வது அதனால்தான். மென்பொருள் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது, எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்தி எழுதுங்கள் என்று அல்ல. திரையில் தெரியாத வியூக்களை இப்போதே கணக்கிடாதே, நான் கேட்கும்போது செய் என்ற மாதிரியான விஷயங்களைத்தான். எந்தக் கட்டளைக்கு எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்துக் குறித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

சின்னச் சின்ன வசதிகளை எழுதக் கூச்சப்படாதீர்கள். ரெவிட் முதலில் வெளிவந்தது 2000இல். ஷீட்டுகளை மென்பொருளுக்குள்ளிருந்தே நேராக பிடிஎஃப் ஆக்கும் வசதி வந்தது 2022 பதிப்பில்! அதுவரை அச்சு இயந்திரம் போல நடிக்கும் வேறொரு நிரலை நிறுவி, அதற்குள் பெயர் வைக்கும் விதிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். 2024 பதிப்பில் திரை முழுக்கக் கருநிறம் வந்தபோது சிலர் அதைத் திருவிழா மாதிரி கொண்டாடியதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு யோசித்தால், ராத்திரி பத்து மணிக்கு வெள்ளைத் திரையை முறைத்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு அதுவும் ஒரு கட்டடப் பிரச்சினைதான். கதவு எண்களை அறை வரிசைப்படி மாற்றுவது, நூறு ஷீட்டில் திருத்த எண்ணை ஏற்றுவது, டைமென்ஷன் எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் விலகுவது என்று உங்கள் இளையவர்கள் முணுமுணுத்துக்கொண்டே செய்யும் வேலைகள் எல்லாம் பட்டியலில் வரட்டும்.

ஏஐ கேட்கும் இளையவர்களையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். கிறுக்கலைக் கொடுத்தால் படம் தருவது, மனையளவைக் கொடுத்தால் பிளான் தருவது எல்லாம் வந்துகொண்டேதான் இருக்கும், நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அவற்றில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. பிளான் போடுவது இந்தத் தொழிலில் மிச்சமிருக்கும் சந்தோஷங்களில் ஒன்று. அதைக் கொண்டுபோய் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, கதவு எண்ணை நாம் உட்கார்ந்து மாற்றுவதா? சக்கர நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா, தீயணைப்பு வழி எங்காவது குறுகுகிறதா, ஷெட்யூலில் இருக்கும் ஜன்னல் எலிவேஷனில் (முகப்பு வரைபடத்தில்) இருக்கிறதா என்று ராத்திரியெல்லாம் சரிபார்த்துக் காலையில் ஒரு பட்டியல் கொடுக்கட்டும். அப்படி ஒன்று வந்தால் நானே முதல் ஆளாக வாங்குவேன். அப்புறம், ஏஐ பற்றி எழுதும்போது ஒரு கேள்வியையும் கட்டாயம் சேருங்கள்: எங்கள் மாடல்களை எடுத்து உங்கள் ஏஐக்குப் பயிற்சி கொடுக்கிறீர்களா, வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவது? எழுத்தில் பதில் கேளுங்கள். அந்தக் கட்டடம் உங்கள் வாடிக்கையாளருடையது.

எதைக் கேட்கக் கூடாது என்றும் ஒரு வார்த்தை. 1:5 அளவில் வரையும் நுணுக்க டீட்டெயில் வரை எல்லாம் மாடலிலேயே வர வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள். ஜன்னலின் அடிப்பலகையான சில்லின் கீழ் நீர் ஒழுகாமல் இருக்க மடக்கும் தகட்டையும், அதன் மேல் பூசும் சீலன்ட்டையும் ஒவ்வொரு ஜன்னலிலும் மாடல் செய்தால் கோப்பு நகரவே நகராது. அதை 2டியில் ஒருமுறை நன்றாக வரைந்து வைத்தால் போதும். 2டி கோடு போடுவதில் தப்பில்லை. மாடலில் இருப்பதை மறைத்துவிட்டு அதன் மேல் போடுவதில்தான் ஆபத்து. லைசென்ஸ், சந்தா விஷயங்களைத் தனிக் காகிதத்தில் எழுதுங்கள். அவற்றை முடிவு செய்கிறவர்கள் வேறு, படிக்கட்டைச் சரிசெய்கிறவர்கள் வேறு.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பாதி முடிந்த ப்ராஜெக்டை மாற்ற வேண்டாம். எந்தப் பதிப்பில் தொடங்கியதோ அதிலேயே முடியுங்கள். புதிய பதிப்பில் புதிய ப்ராஜெக்டைத் தொடங்குங்கள். இரண்டு பதிப்புகளும் ஒரே கம்ப்யூட்டரில் அருகருகே இருக்கலாம், சிக்கல் இல்லை. இதற்கு விதிவிலக்கு என்று நான் ஒப்புக்கொள்வது, வேலை இன்னும் பல ஆண்டுகள் நீளும் என்று தெரிந்தும் பழைய பதிப்புக்கான ஆதரவு அதற்குள் முடிந்துவிடும் என்ற நிலையை மட்டும்தான்.

உங்களுடையது அப்படிப்பட்டதாக இருந்தால், பதிப்பு வெளியான உடனே பாயாதீர்கள். முதல் திருத்தம் வரும்வரை பொறுங்கள். பிறகு மாடலின் ஒரு நகலைப் பிரித்தெடுத்து, இணைத்திருக்கும் மாடல்களின் நகல்களோடு சேர்த்து மாற்றிப் பாருங்கள். பழைய பதிப்பில் எடுத்த பிடிஎஃப் தொகுப்பையும் புதியதில் எடுத்ததையும் ஷீட் ஷீட்டாக மேல்மேல் வைத்து ஒப்பிடுங்கள். கோட்டுத் தடிமன், எழுத்து இடம், சுவர் சேரும் மூலைகள் ஆகியவற்றில்தான் வித்தியாசம் ஒளிந்திருக்கும். நிலப்பரப்பைத் தனியாகப் பாருங்கள்: 2024 பதிப்பில் ரெவிட் நிலத்தை வரையும் முறையையே மாற்றி டோப்போசாலிட் என்று கொண்டுவந்தது. பழைய மாடலில் இருக்கும் நிலம் தானாக அப்படி மாறாது, நீங்கள்தான் மாற்ற வேண்டும். வெளியாரிடம் வாங்கிய ஆட்-இன்களையும் (ரெவிட்டோடு இணைக்கும் கூடுதல் நிரல்களையும்) மறக்காதீர்கள். 2025 பதிப்பு டாட்நெட் 8 என்ற புதிய நிரல் தளத்துக்குப் போனதால், பழைய ஆட்-இன்களை எழுதியவர்கள் அவற்றைப் புதிதாகத் தொகுத்துத் தர வேண்டியிருந்தது. உங்கள் அலுவலகத்தில் எப்போதோ ஒருவர் எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போன ஆட்-இன் ஏதாவது இருந்தால், முதலில் அதைத் தேடிப் பிடியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், ஆலோசகர்கள் அனைவரிடமும் ஒரே தேதியை எழுத்தில் ஒத்துக்கொள்ளச் செய்து, ஒரு சமர்ப்பிப்பு முடிந்த மறுநாள் மாற்றுங்கள். சமர்ப்பிப்புக்கு முந்தைய வாரம் மட்டும் வேண்டவே வேண்டாம். மாற்றுவதற்கு முன் பழைய மாடல், முழு பிடிஎஃப் தொகுப்பு, ஓர் ஐஎஃப்சி மூன்றையும் யாரும் திருத்த முடியாத ஓர் இடத்தில் போட்டு வையுங்கள். பழைய பதிப்பை எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் நீக்கிவிட வேண்டாம், ஒன்றிலாவது இருக்கட்டும். முகவருக்கான பட்டியலை அனுப்பும் முன் உங்கள் தலைமை ஆர்க்கிடெக்ட்டிடம் காட்டுங்கள். "ஒழுங்கா ஓடினா போதும்" என்றவரிடம் இன்னும் நாலு படிக்கட்டுக் கதையாவது இருக்கும்.